துணையாக வந்தவர்கள்

அமெரிக்காவில் முதல் குடித்தனம் வைக்கும் இளம் தம்பதிகளுக்குக் குளிரும் சமையலறையும் சில மாதங்களில் பழகிவிடுகின்றன. இருவரில் ஒருவரை மட்டுமே முழு ஆளாகப் பார்க்கும் விசா அவ்வளவு சுலபத்தில் பழகுவதில்லை.

பெட்டி ஒன்றுக்கு 23 கிலோ. அந்தக் கணக்குக்குள் சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, வடகம், பிரஷர் குக்கர், அதற்கு உபரியாக இரண்டு கேஸ்கட், பட்டுப்புடவைகள் என்று எல்லாவற்றையும் அடக்கிவிடும் சாமர்த்தியம் தமிழ்நாட்டு அம்மாக்களுக்கு உண்டு. கடைசியாகக் கைப்பையில் மணப்பெண்ணின் பட்டப்படிப்புச் சான்றிதழ்கள். எப்போது தேவைப்படுமோ, இருக்கட்டும் என்று வைப்பது. பல வீடுகளில் அந்த உறை அடுத்த சில ஆண்டுகளுக்குப் பிரிக்கப்படுவதே இல்லை.

காரணம், பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா. கணவருடையது எச்-1பி; தனித் திறமை தேவைப்படும் வேலைக்காக அமெரிக்க நிறுவனம் ஒன்று மனுப்போட்டு வாங்கித் தந்தது. மனைவியுடையது எச்-4, எச்-1பி வைத்திருப்பவரின் மனைவி என்பதற்காகக் கிடைத்தது. எச்-4இல் போனவர் அங்கே தங்கலாம், படிக்கலாம், குழந்தை பெறலாம். தனி அனுமதி இல்லாமல் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்க முடியாது. அவர் பி.இ.யா, எம்.சி.ஏ.வா, ஐந்து வருடம் வேலை பார்த்தவரா என்பதைப் பற்றி அந்த விசாவுக்கு அக்கறை இல்லை.

எச்-1பி என்ற வகை 1990ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தில் பிறந்தது. ஆண்டுக்கு 65,000 பேர், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்பு முடித்தவர்களில் மேலும் 20,000 பேர் என்பது இப்போதைய உச்சவரம்பு. சமீப ஆண்டுகளில் ஒப்புதல் பெற்ற மனுக்களில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்தியர்களுடையவை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகப் புதிதாகப் போடும் மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அதிபர் டிரம்ப் அறிவித்ததும் இந்த வாசல் குறுகிவிட்டது. ஆனால் ஏற்கனவே உள்ளே இருப்பவர்கள் மூன்று வார லீவில் ஊருக்கு வந்து, தாலி கட்டி, துணையை அழைத்துக்கொண்டு போவது நிற்கவில்லை.

வெளிநாட்டுக் குடித்தனம் பற்றிய பேச்சு பெரும்பாலும் பனியையும் கறிவேப்பிலையையும் சுற்றியே நடக்கிறது. அவை தீரக்கூடிய சிக்கல்கள். தம்பதியாகப் போன இருவரில் ஒருவருக்கு மட்டுமே அந்த நாட்டில் சொந்தக் கால் இருக்கிறது என்பதுதான் நிஜமான சிக்கல். முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள் எப்படிப் போகின்றன என்பது, இந்த ஏற்றத்தாழ்வை இருவரும் சேர்ந்து எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

அலறும் அலாரம்

முதல் பாடம் விமான நிலையத்திலேயே. பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைச் சாகடிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி ஒன்று அந்த இலையிலும் தங்கும் என்பதால் தடை. பழங்களுக்கும் இறைச்சிக்கும் இதே கெடுபிடி. இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பொருள் மட்டும் குப்பைத்தொட்டிக்குப் போகும். மறைத்துக் கொண்டுபோய் மாட்டினால் அபராதம் 300 டாலரில் தொடங்கும்.

அடுத்தது மின்சாரம். நம் வீடுகளில் 230 வோல்ட், அங்கே 120. ஆசையாகச் சுமந்து போன மிக்ஸி முனகுமே தவிர அரைக்காது. இதற்காகவே 110 வோல்ட்டில் ஓடும் வெட் கிரைண்டர்கள் கோவையிலிருந்து போகின்றன. அங்குள்ள இந்தியக் கடைகளிலேயே வாங்கலாம். அரைத்தாலும் பனிக்காலத்தில் மாவு புளிக்காது. ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு, மாவுப் பாத்திரத்தை ராத்திரி முழுக்க அதற்குள் வைப்பது அமெரிக்கத் தமிழ்ச் சமையலறைகளில் எழுதாத விதி.

அபார்ட்மென்ட் என்றால் புகை அலாரம் இருக்கும். எண்ணெயில் கடுகும் மிளகாயும் விழுந்த அடுத்த நிமிடம் அது அலறும். ஒருவர் ஜன்னலைத் திறக்க, இன்னொருவர் துண்டை எடுத்து அலாரத்துக்கு அடியில் விசிற, புதுக் குடித்தனத்தின் முதல் கூட்டு முயற்சி பெரும்பாலும் இதுதான்.

இதெல்லாம் பிறகு சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய கதைகள். மத்தியான நேரத்தைப் பற்றி அப்படிச் சிரிப்பதில்லை. அமெரிக்காவின் கிழக்குக் கரை, கோடையில் நமக்கு ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்தங்கி ஓடுகிறது. கணவர் ஆபீஸ் கிளம்பும் காலை எட்டு மணிக்கு ஊரில் சாயங்காலம், அம்மாவிடம் பேசலாம். மத்தியானம் இரண்டு மணிக்குப் பேசத் தோன்றினால் ஊரே தூங்கிக்கொண்டிருக்கும். வெளியே எட்டிப் பார்த்தால் கார்கள் இருக்கும், ஆள் நடமாட்டம் இருக்காது. கீரைக்காரர் குரல் இல்லை, பக்கத்து வீட்டு டி.வி. சத்தம் இல்லை. பஸ் ஓடாத புறநகரில் வீடு அமைந்துவிட்டால், கார் ஓட்டத் தெரியாதவர் கணவர் திரும்பும்வரை நான்கு சுவருக்குள்தான். நேற்றுவரை மின்சார ரயிலில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தவருக்கு இது எளிதில் ஜீரணமாவதில்லை.

எந்தப் பெயர் யாருடையது?

தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி, பெயர். பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். எஸ். குமார் என்பவரின் பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து, அப்பா சுப்பிரமணியனின் பெயர் 'சர்நேம்' கட்டத்தில் போய் உட்காரும். ஆபீஸில் மகனை எல்லோரும் மிஸ்டர் சுப்பிரமணியன் என்று அழைப்பார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு குழப்பம் இரட்டிப்பாகும். மனைவி தன் அப்பா பெயரையே வைத்துக்கொண்டால் ஒரே வீட்டில் இரண்டு சர்நேம். நம் வழக்கப்படி கணவர் பெயரைச் சேர்த்தால் மனைவி மிஸஸ் குமார், கணவர் மிஸ்டர் சுப்பிரமணியன், அப்போதும் ஒத்துப்போகாது. மாமனார் பெயரைச் சேர்த்தால்தான் அமெரிக்க கம்ப்யூட்டருக்குத் திருப்தி. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டமே காலியாக இருந்தால், விசாவில் இருக்கும் ஒரே பெயரை சர்நேமாக்கி, முதல் பெயர் வரவேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று போடுவார்கள். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. அதையே பெயராக நினைத்து ஆஸ்பத்திரி வரவேற்பறையில் உரக்கக் கூப்பிடுவதும் உண்டு.

இதில் வேடிக்கையோடு வேதனையும் இருக்கிறது. சான்றிதழில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் வேறொரு பெயர் என்றிருந்தால், பின்னால் படிக்கப் போகும்போதும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். கல்யாணமானால் பெண் பெயரை மாற்றியாக வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. படித்த பெயரிலேயே பயணம் செய்வது பல சங்கடங்களைத் தவிர்க்கும்.

கட்டாயம் வேண்டியது திருமணப் பதிவு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள். எச்-4 விசாவுக்கு அடிப்படை ஆதாரம் இந்தச் சான்றிதழ்தான். அதில் இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று பார்ப்பது, முகூர்த்தப் புடவைக்கு ஜரிகை பார்ப்பதைவிட முக்கியம்.

ஒன்பது இலக்க வாழ்க்கை

அமெரிக்காவில் ஒருவரின் நடமாட்டத்துக்கு அச்சாணி சோஷியல் செக்யூரிட்டி எண். ஒன்பது இலக்கம். சம்பளம், வங்கி, கடன், வாடகை வீடு, செல்போன் இணைப்பு என்று எல்லா இடங்களிலும் அதைக் கேட்பார்கள். வேலை செய்ய அனுமதி இல்லாத எச்-4காரருக்கு அது கிடைக்காது.

அவருக்குக் கிடைப்பது ஐ.டி.ஐ.என். எனப்படும் வரி எண். 1996இல் வந்தது, அதுவும் ஒன்பது இலக்கம்தான், ஆனால் வருமான வரிக்கு மட்டுமே. கணவன் மனைவி சேர்ந்து கணக்குத் தாக்கல் செய்தால், ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில் பெரும்பாலும் வரி குறையும். அதற்காகத்தான் இந்த எண்ணுக்கு விண்ணப்பிக்கிறார்கள். ஆக, அந்த நாட்டின் அரசாங்கக் கணக்கில் மனைவிக்குக் கிடைக்கும் முதல் எண், கணவரின் வரியைக் குறைப்பதற்காக வாங்கியது.

அடுத்தது கடன் மதிப்பெண். 300இலிருந்து 850 வரை போகும் இந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் வீட்டுக்காரரும் கார் விற்பவரும் ஆளை எடை போடுகிறார்கள். இந்தியாவில் ஒழுங்காகக் கட்டிய கடன்கள் அங்கே கணக்கில் வராது. இருவருமே பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். கணவருக்கு இரண்டு வருடத்தில் மதிப்பெண் ஏறிவிடும். மனைவி பெயரில் எதுவுமே இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்தும் அவர் அந்த நாட்டுக்குப் புதியவரே. விவரம் தெரிந்த தம்பதிகள் முதல் மாதமே சில காரியங்களைச் செய்துவிடுகிறார்கள். வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும். வங்கியில் கூட்டுக் கணக்கு. பாஸ்போர்ட்டை வைத்தே திறக்கும் வங்கிகள் இருக்கின்றன. கணவரின் கிரெடிட் கார்டில் மனைவியும் பயனாளர். நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டில் மனைவியைச் சேர்ப்பதற்கும் கெடு உண்டு. பொதுவாகக் கல்யாணமான 30 நாளுக்குள் எழுதிக்கொடுத்துவிட வேண்டும். அதைத் தவறவிட்டு, அடுத்த ஆண்டுச் சேர்க்கைக் காலம் வருவதற்குள் உடம்பு படுத்திவிட்டால், ஆஸ்பத்திரி பில்லே பெரிய வியாதி.

இவற்றுக்கெல்லாம் மேலாகக் கார் லைசென்ஸ். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கலாம், ஓராண்டு செல்லும். அங்கே போனதும் மாநில லைசென்ஸுக்குப் படிக்க வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்களிடம், இவருக்கு அந்த எண் பெறத் தகுதியில்லை என்று அந்த அலுவலகமே தரும் கடிதத்தைப் பல மாநிலங்களில் கேட்கிறார்கள். பிறகு சாலை. வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நான்கு பக்கமும் 'ஸ்டாப்' பலகை இருக்கும் சந்திப்பில் முழுதாக நின்று, முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும். பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கோடு நின்றால், நடுவே தடுப்பு இல்லாத சாலையில் எதிர்ப்பக்கம் வரும் கார்களும் நிற்க வேண்டும். ஹாரன் சத்தத்தை வைத்தே வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்த மௌனம் பயமுறுத்தும். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள் அநேகமாகச் சண்டையில்தான் முடிகின்றன. காசு கொடுத்துப் பயிற்சியாளரிடம் கற்பது இல்லற அமைதிக்கு நல்லது.

இத்தனை கெடுபிடிக்கு நடுவே பெரிதாக எதையும் கேட்காத இடம் ஒன்று உண்டு: பொது நூலகம். குடியிருக்கும் முகவரிக்கு ஆதாரம் காட்டினால் இலவசமாக அட்டை தருவார்கள். பல நூலகங்களில் ஆங்கிலப் பேச்சு வகுப்பும் குழந்தைகளுக்குக் கதை நேரமும் நடக்கின்றன. புதிதாக வந்தவர் தன் பெயர் அச்சிட்ட அட்டை ஒன்றைத் தானே கேட்டு வாங்கும் முதல் இடம் பெரும்பாலும் அதுவே.

வேலைக்கு ஓர் அனுமதி

எச்-4காரர்கள் வேலைக்குப் போவதற்கான வழி 2015 மே 26 அன்று திறந்தது. அதிபர் ஒபாமா காலத்து விதி அது. எல்லோருக்கும் இல்லை, கணவரோ மனைவியோ கிரீன் கார்டு வழியில் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் மட்டுமே துணைக்கு வேலை அனுமதி அட்டை. கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பு இருப்பதால் இந்தியர்களின் வரிசை பத்தாண்டுக்கு மேல் நீள்கிறது. அந்தக் காத்திருப்பில் இருக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். 2017 டிசம்பர் வரை முதல் முறையாக இந்த அட்டை பெற்றவர்கள் சுமார் 91,000 பேர். அவர்களில் 93 சதவீதம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். 93 சதவீதம் பேர் பெண்கள்.

அன்றிலிருந்து இந்த அட்டையின் தலைக்கு மேல் கத்தி தொங்கிக்கொண்டே இருந்தது. விதி நடைமுறைக்கு வருவதற்கு முன்பே வேலை இழந்த அமெரிக்க ஊழியர்கள் சிலரின் அமைப்பு வழக்குப் போட்டது. டிரம்பின் முதல் ஆட்சியில் விதியையே ரத்து செய்ய முயற்சி நடந்தது. பைடன் பதவியேற்றதும் 2021 ஜனவரியில் அது கைவிடப்பட்டது. 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்குள் வேறொரு அடி: புதுப்பிக்கும் மனு நிலுவையில் இருக்கும்போது பழைய அட்டை தானாக நீடிக்கும் சலுகை, 2025 அக்டோபர் 30 முதல் தாக்கலாகும் மனுக்களுக்கு ரத்து. அட்டையின் தேதி முடிந்து புது அட்டை வராவிட்டால் அன்றே வேலையிலிருந்து இறங்க வேண்டும்.

புதிதாகக் கல்யாணமாகிப் போகிறவருக்கு இந்த அட்டை உடனே கிடைப்பது அபூர்வம். கணவர் ஏற்கனவே கிரீன் கார்டு வரிசையில் இருந்தால்தான் உண்டு. அதுவரை என்ன செய்வது? பகுதி நேரமாகவோ முழு நேரமாகவோ படிக்கலாம். மாணவர் விசாவுக்கு மாறிப் பட்டம் வாங்கினால், அதன்பின் ஓராண்டும், அறிவியல், தொழில்நுட்பப் படிப்பானால் மேலும் இரண்டு ஆண்டும் வேலைப் பயிற்சிக்கு வழி பிறக்கும். சம்பளமில்லாத் தொண்டு செய்யலாம், ஆனால் வழக்கமாகச் சம்பளம் தரும் வேலையைத் தொண்டு என்று சொல்லிச் செய்யக் கூடாது. ஊரிலிருக்கும் கம்பெனிக்கு அங்கே வீட்டிலிருந்தபடியே வேலை செய்தால் யாருக்குத் தெரியும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தெரியவரும்போது விசாவுக்கே உலை வைக்கும்.

கணவர் துணையாகப் போனால்

வீட்டில் சும்மா இருப்பது பெண்களுக்குப் பழக்கம்தானே என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல, திரும்பிய கண்ணாடி ஒன்று இருக்கிறது. 1965இல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் தளர்ந்த பிறகு கேரளத்திலிருந்து ஏராளமான நர்ஸுகள் அங்கே போனார்கள். அவர்கள் முதலில் போய்க் காலூன்ற, கணவன்மார் பின்னால் போய்ச் சேர்ந்தார்கள். இந்தக் குடும்பங்களைப் பற்றி ஷீபா மரியம் ஜார்ஜ் எழுதிய ஆய்வு நூல் 2005இல் வெளிவந்தது. சம்பாத்தியமும் மரியாதையும் மனைவி பக்கம் சாய்ந்துவிட, வீட்டில் இழந்த அந்தஸ்தைக் கணவன்மார் சர்ச் பொறுப்புகளில் தேடிக்கொண்டதை அவர் விவரிக்கிறார்.

சமூகவியலாளர் பல்லவி பானர்ஜி 2022இல் வெளியிட்ட நூலில் இரண்டு வகைக் குடும்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கம்ப்யூட்டர் வேலைக்குப் போன ஆண்கள், அவர்களோடு துணையாகப் போன மனைவிகள் ஒரு பக்கம். நர்ஸ் வேலைக்குப் போன பெண்கள், துணையாகப் போன கணவர்கள் மறு பக்கம். துணை என்ற முத்திரை விழுந்தவர், ஆணானாலும் பெண்ணானாலும், தன்மதிப்பு தேய்ந்துபோவதை உணர்கிறார். கடைக்குப் போகக் காசு கேட்பது, எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று விருந்தில் யாராவது கேட்டால் பேச்சை மாற்றுவது எல்லாம் இரு பாலாருக்கும் உறுத்துகின்றன. கணவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒருவருடைய கையெழுத்தில்தான் வீடே நகர்கிறது என்ற நிலை நல்ல மனிதர்களிடையேயும் பேச்சில் ஒரு மேடு பள்ளத்தை உண்டாக்கிவிடும்.

60 நாள் கெடு

இந்த மேடு பள்ளம் நல்ல காலத்தில் மனவருத்தம்; கெட்ட காலத்தில் ஆபத்து. எச்-1பிகாரருக்கு வேலை போனால் 2017 ஜனவரியில் வந்த விதிப்படி அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறொரு நிறுவனம் மனுப்போட வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். 2022இன் கடைசியிலும் 2023இலும் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஆட்களை அனுப்பியபோது இந்தக் கெடுவின் அர்த்தம் பல வீடுகளுக்குப் புரிந்தது. கணவரின் விசா விழுந்தால் மனைவியின் எச்-4உம் அதோடு விழும். அதன் மேல் நிற்கும் வேலை அட்டையும் நிலைக்காது. இரண்டு சம்பளம் வரும் வீடு என்று நம்பிக் கடன் வாங்கியவர்கள் ஒரே மின்னஞ்சலில் இரண்டையும் இழக்க நேரும்.

வீட்டுக்குள்ளேயே கொடுமை என்றால் நிலைமை இன்னும் மோசம். வெளியேறினால் விசா போய்விடும் என்ற பயமே பூட்டாகிவிடுகிறது. எச்-1பிகாரரால் கொடுமைக்கு ஆளான துணைக்குத் தனியாக வேலை அனுமதி தரலாம் என்று 2005ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் சொன்னது. அதற்கான மனு நடைமுறைக்கு வர 2017 ஆயிற்று. இப்படிச் சிக்கிக்கொண்டவர்களுக்கு உதவும் தெற்காசியப் பெண்கள் அமைப்புகளுக்கு நீண்ட வரலாறு உண்டு: நியூஜெர்சியில் மானவி 1985இலும், நியூயார்க்கில் சகி 1989இலும், கலிபோர்னியாவில் மைத்ரி 1991இலும் தொடங்கப்பட்டன. ஆபத்து நேரத்தில் 911ஐ அழைத்தால் விசா என்னவென்று கேட்டுவிட்டு வருவதில்லை. பாஸ்போர்ட் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையிலேயே இருக்க வேண்டும் என்ற எளிய விதியை இரு வீட்டுப் பெரியவர்களும் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

இந்தியச் சட்டம் இதில் இன்னும் பின்தங்கியே நிற்கிறது. வெளிநாடுவாழ் இந்தியரின் திருமணங்களைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கும் மசோதா 2019இல் மாநிலங்களவையில் தாக்கலானது, சட்டமாகவில்லை. 2024 பிப்ரவரியில் சட்ட ஆணையம் இதற்கென விரிவான தனிச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது.

வேறு வாசல்கள்

துணைக்கு வேலை செய்யும் உரிமை என்பது நாட்டுக்கு நாடு மாறும் ஒன்று. ஜெர்மனியில் 'புளூ கார்டு' பெற்றவரின் மனைவி போய்ச் சேர்ந்ததும் வேலை தேடலாம். கிளம்பும் முன் ஜெர்மன் மொழித் தேர்வும் எழுத வேண்டியதில்லை. பிரிட்டனில் திறன் பணியாளரின் துணைக்கு வேலைத் தடை இல்லை. ஆனால் முதியோர், நோயாளிகளைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாகப் போகிறவர்கள் குடும்பத்தை அழைத்துப்போவதற்கு 2024 மார்ச்சில் தடை வந்தது. சிங்கப்பூரில் 2021 மே முதல், சார்ந்து போனவர் வேலை பார்க்கத் தனியாக வேலை அனுமதி பெறவேண்டும். கனடா 2025 ஜனவரியில், குறிப்பிட்ட சில வேலைகளில் இருப்பவர்களின் துணைக்கு மட்டுமே திறந்த அனுமதி என்று சுருக்கிவிட்டது. அமெரிக்காவிலேயே, ஒரே நிறுவனத்தின் கிளையிலிருந்து மாற்றலாகிப் போகும் எல்-1காரரின் துணைக்கு 2021 நவம்பர் முதல் விசாவோடு வேலை உரிமையும் சேர்ந்தே வருகிறது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கும் இரண்டு தமிழ்ப் பெண்களில் ஒருவர் வேலைக்குப் போவதும் மற்றவர் போகமுடியாததும் கணவர்களின் விசாவில் இருக்கும் ஓர் எழுத்தால்.

கால் ஊன்றியவர்களின் அனுபவம் சொல்வது பெரிதாக ஒன்றும் இல்லை. வாரக் கடைசியில் நியூயார்க்கின் ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போய், கீழே கேன்டீனில் தோசை சாப்பிடும் வழக்கம் 1977இல் அந்தக் கோயில் வந்த பிறகு பல குடும்பங்களுக்குப் பழகிவிட்டது. ஊர்தோறும் தமிழ்ச் சங்கமும் ஞாயிறு தமிழ்ப் பள்ளியும் இருக்கின்றன. அங்கே ஆசிரியராகத் தொண்டு செய்யப் போனவர்கள், கணவரின் ஆபீஸ் நண்பர்களைச் சாராத சொந்தச் சிநேகிதிகளோடு திரும்புகிறார்கள். முதல் வருடம் அதற்கே செலவானாலும் தகும்.

மற்றது கிளம்பும் முன் பேச வேண்டியது. மணமகள் தேவை விளம்பரங்களில் 'எச்-1பி' என்பது நட்சத்திரத்துக்கும் சம்பளத்துக்கும் நடுவே ஒரு தகுதியாக இடம்பிடித்துவிட்டது. பெண்ணுக்கு என்ன விசா என்று அங்கே யாரும் எழுதுவதில்லை. பெண் பார்க்க வரும்போது கேட்பதும் இல்லை. கிரீன் கார்டு மனு எந்தக் கட்டத்தில் இருக்கிறது? பெண்ணுக்கு வேலை அனுமதி எப்போது கிடைக்கும், அதுவரை படிப்புச் செலவுக்கு என்ன ஏற்பாடு? வங்கிக் கணக்கும் வாடகை ஒப்பந்தமும் இருவர் பெயரிலும் இருக்குமா? வேலை போனால் எந்த ஊருக்குத் திரும்புவது? பத்துப் பொருத்தம் பார்க்க ஜோசியரிடம் அரை நாள் காத்திருக்கும் குடும்பங்கள், இந்த நான்கு கேள்விகளுக்காக மாப்பிள்ளையோடு ஒரு சாயங்காலம் உட்காரலாம்.